தேவதாரு விறகு: நன்மை ஏழு, கெடுதல் ஒன்று

கரும்பலகைக்கு முன்னால் சாக்கட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றான் பாய்லர்காரன். வலது கையைக் காதுக்கு மேலே தூக்கி இருபத்துமூன்று நாளாகிவிட்டது. சலவைக்கூடத்தில் இது வேறு யாருக்கும் தெரியாது. இடது கையால் எழுதினால் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடுமோ என்று முதலில் பயந்தான். வீண் பயம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் அவன். வலது கையில் எழுதினாலே சேற்றில் கோழி நடந்த தடம் மாதிரிதான் இருக்கும். இடது கையில் எழுதியபோதும் அதே கோழிதான் நடந்தது. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தன் கையெழுத்து மோசமாக இருப்பதற்காக அவன் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

தோள் எப்படிப் போனது என்று கேட்டால் கௌரவமாகச் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது இருந்திருக்கலாம். பாரம் சரிந்தது, பாய்ந்து பிடித்தான், அப்படி ஏதாவது. ஒன்றும் இல்லை. கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன தைல டப்பா மூடியை எடுக்கக் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான். தோளுக்குள் எதுவோ ‘களுக்’கென்றது. மூடியும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து பாய்லர் அறையில் தினமும் ஒரு கூத்து. அங்கே எரிப்பது வைரம் பாய்ந்த கட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டியின் கனம். இடது கையால் ஒரு நுனியைத் தூக்கி, முழங்காலால் முட்டுக்கொடுத்து, இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி, கடைசியில் வயிற்றால் உள்ளே அனுப்புவான். வயிறு இத்தனை வருஷமாகச் சும்மா வளர்ந்ததற்கு இப்போதுதான் ஒரு பயன் கிடைத்திருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வான். புகைபோக்கியைத் துடைக்கிற நீளக் கோலை மட்டும் வயிற்றால் தூக்க முடியவில்லை. அதனால் மூன்று வாரமாகத் துடைக்கவில்லை.

சொல்லிவிடலாம்தான். ஆனால் அவனுக்கு முன்னால் இருந்த பாய்லர்காரருக்கு முதுகு போனபோது என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும். இரண்டு துண்டும் ஒரு போர்வையும் கொடுத்து, எல்லாரும் நின்று கைதட்டி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அவனும் பலமாகத் தட்டினான். மறுநாள் காலை அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தவனும் அவன்தான். அந்தக் கைதட்டல் சத்தம் இப்போது தோளை அசைக்கிறபோதெல்லாம் கேட்டது.

இந்த நேரத்தில்தான் மச்சானின் பட்டறைக்குப் போக நேர்ந்தது. மச்சான் என்றால் அவன் மனைவியின் அண்ணன். பெட்டி செய்கிறவர். கம்பளித் துணியைப் பூச்சி அரிக்காமல் வைக்கிற தேவதாருப் பெட்டிகள். பட்டறையின் பின்புறம் வெட்டி மீந்த துண்டுகள் கூரை முட்டக் குவிந்து கிடந்தன. சும்மா பேச்சுவாக்கில் ஒரு துண்டை இடது கையால் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். முழ நீளக் கட்டை, தலையணை மாதிரி கையில் உட்கார்ந்தது.

“மச்சான், இதை எரிக்கலாமா?”

“எரியாம என்ன மாப்ள, மரம்தானே! எடுத்துட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். உள்ள எலி குடும்பம் நடத்துது. ஆனா ஒண்ணு…”

‘ஆனா’வுக்குப் பிறகு மச்சான் நிறையச் சொன்னார். பொறி பறக்கும் என்றார். தணல் நிற்காது என்றார். பிசின் புகைபோக்கியில் படியும் என்று இரண்டு தடவை சொன்னார். பாய்லர்காரன் பணிவாகத் தலையாட்டினான். அவன் காது ‘எடுத்துட்டுப் போங்க’ என்ற இடத்திலேயே கடையைச் சாத்திவிட்டிருந்தது.

எடுத்து வந்து எரிக்க முடியாது. சலவைக்கூடத்தில் எதை மாற்றுவதாக இருந்தாலும் ஒரு முறை உண்டு. முன்னொரு காலத்தில் யாரோ பேச்சைக் கேட்டு ஒரு புதுச் சோப்புத்தூள் வாங்கி, எல்லார் உள்ளங்கையும் பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது. அதிலிருந்து முதலாளியம்மா வைத்த சட்டம் இது. புதுசாக ஒன்றைச் சொல்கிறவர் தன் கையாலேயே பலகையில் இடப்பக்கம் அதன் நன்மையை எழுத வேண்டும். வலப்பக்கம் அதன் கெடுதலையும் அவரே எழுத வேண்டும். பிறகு முற்றத்தில் இரண்டு கொடிக்கயிறு. சரி என்பவர் தன் துணிக் கிளிப்பை இடது கொடியில் மாட்டுவார், வேண்டாம் என்பவர் வலது கொடியில். மொத்தம் ஒன்பது பேர், ஒன்பது கிளிப். முதலாளியம்மாவுக்கும் ஒன்றே ஒன்றுதான். எழுதாமல் மறைத்த கெடுதல் பின்னால் தலைகாட்டினால், எழுதியவர் ஒரு மாதம் எல்லாருடைய டீ கிளாசையும் கழுவ வேண்டும்.

அவன் எழுதினான். ஒரு தீக்குச்சியில் பற்றும். சீக்கிரம் காயும். கோடரியைக் காட்டினாலே பிளக்கும். வாசனையாக இருக்கும். பூச்சி அண்டாது. சாம்பல் கொஞ்சம்தான். மச்சான் சும்மா கொடுக்கிறார். ஆக ஏழு. வலப்பக்கம் வந்ததும் கோழிக்குக் கால் வலித்துவிட்டது. ‘சில நேரம் படபடக்கும்’ என்று ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டான்.

இடப்பக்கம் எட்டாவதாக ஒன்று இருந்தது. அதை எழுதவில்லை. கட்டை லேசு. அதற்காகத்தான் இத்தனை பாடும்.

“படபடக்கும்னா?” என்று கேட்டாள் இஸ்திரி மேசைக்காரி. அவள் அவனுடைய மனைவி. பாய்லரிலிருந்து வருகிற நீராவியில்தான் அவளுடைய இஸ்திரி ஓடும். “உங்களை மாதிரியா? சத்தம் மட்டும் வருமா, வேலையும் நடக்குமா?”

“எரியிற கட்டை கொஞ்சம் பேசத்தான் செய்யும்” என்றான்.

“நம்ம வீட்டுல எரியாததே பேசுது.”

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பலகையைப் படித்தார். “கெடுதல் ஒண்ணே ஒண்ணுதானாப்பா? எனக்கே அம்பது இருக்கு” என்றார். கடைசியில் மூன்று நாள் எரித்துப் பார்ப்பது என்று ஏழு கிளிப் இடது கொடியில் ஏறியது. மனைவியின் கிளிப் வலது கொடியில். இன்னொன்றும் வலது கொடியில்தான். அது துணி மடிக்கிற மேசையில் இருக்கும் ‘கிரேன்’ மாட்டியது. துணி வண்டியின் பின்சக்கரம் சேற்றில் புதைந்தபோது தனியாளாகத் தூக்கி வெளியே வைத்த பெண் அவள். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் போய்விட்டது. அத்தனை பலத்தையும் வைத்துக்கொண்டு அவள் செய்கிற வேலை தலையணை உறை மடிப்பது.

முதல் நாள் காலை பாய்லர்காரனுக்குப் பொற்காலம். ஒரே தீக்குச்சி. குப்பென்று பிடித்தது நெருப்பு. காகிதம் இல்லை, ஊதுகுழல் இல்லை, இருமல் இல்லை. கட்டைகளை இடது கையால் ஒவ்வொன்றாக, பந்து போடுகிற மாதிரி உள்ளே போட்டான். வாசனை கூடம் முழுக்கப் பரவியது. தண்ணீர் வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னதாகவே கொதித்தது. வண்டி ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, கல்யாண வீடு மாதிரி மணக்குது” என்றார். பாய்லர்காரன் மீசையைத் தடவிக்கொண்டான், இடது கையால். விறகைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தான். வேகம் என்றான், சுத்தம் என்றான். ‘காலம் மாறுது’ என்றுகூடச் சொன்னான். அதை நினைத்தால் இப்போதும் அவனுக்குக் காது சூடாகிறது.

பத்து மணிக்கு அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. தணல் என்று சொல்ல நாலு சிவப்புப் புள்ளி. வைரக் கட்டை போட்டால் இந்நேரம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கங்காகக் கிடந்து சூடு கொடுக்கும். தேவதாரு விருந்துக்கு வந்த சொந்தக்காரன் மாதிரி. வந்தது, சிரித்தது, மணத்தது, போயே போய்விட்டது.

சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக மனைவியின் குரல் வந்தது. “ஏங்க, இஸ்திரி ஊதுது. நீராவி வரல, பெருமூச்சுதான் வருது.”

“இதோ!” என்று ஓடி அள்ளிப் போட்டான். சரியானது. கால் மணி நேரம் போனதும், “ஏங்க!” மறுபடி அள்ளிப் போட்டான். மத்தியானத்துக்குள் எத்தனை தடவை குனிந்து நிமிர்ந்தான் என்று எண்ணிக்கொண்டே வந்தவன் அறுபதோடு விட்டுவிட்டான். பழைய கட்டையென்றால் பன்னிரண்டு தடவை. தோளைக் காப்பாற்றப் போய் இப்போது இடுப்பும் முட்டியும் மனுப் போட்டன. லேசான கட்டையை அறுபது தடவை தூக்குவதும் கனத்த கட்டையைப் பன்னிரண்டு தடவை தூக்குவதும் ஒன்றாகாது, முன்னதுதான் அதிகம். இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு முழுநாள் தேவைப்பட்டது. நல்ல மூளை, இன்னும் புத்தம் புதுசாகவே இருக்கிறது.

இரண்டாம் நாள் மத்தியானம் மனைவி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தூக்கிக்கொண்டு பாய்லர் அறைக்கே வந்துவிட்டாள். அவள் அங்கே வருவது அபூர்வம். வந்தால் நல்ல சேதியாக இருக்காது.

“இதுக்குப் பின்னாடி நின்னு உங்களைப் பார்க்கிறேன், பாருங்க” என்று விரிப்பை முகத்துக்கு நேரே பிடித்தாள். குண்டூசித் தலை அளவுக்குக் கருகிய ஓட்டைகள் ஏழெட்டு. அதில் ஒன்றின் வழியாக அவளுடைய கண் தெரிந்தது. அந்தக் கண்ணில் சிரிப்பு இல்லை. “முற்றத்துல காயப்போட்ட மூணு விரிப்புல இப்படி இருக்கு. உங்க புகைபோக்கி மேலேர்ந்து பொறியா கொட்டுது. விரிப்பை வெளுக்கக் கொடுத்த விடுதிக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது? ‘படபடக்கும்’னு எழுதினீங்களே, இதுதானா அது?”

“ஓரத்துல போடு, கொஞ்சம் தைச்சா…”

“ஆமா, ஆளுக்கொரு ஓட்டைய எண்ணிக்கிட்டுப் படுக்கட்டும், தூக்கம் வரும்.” அவள் விரிப்பை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். போகவில்லை. “ஏங்க, இந்த மரத்து மேல உங்களுக்கு என்ன இத்தனை ஆசை? எங்க அண்ணன் மேல இதுல பாதி பாசத்தைக்கூட நான் பார்த்ததில்லையே.”

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. அவன் வாயைத் திறந்தான். “சாம்பல் கொஞ்சமா வருது” என்றது வாய். சில நேரம் அவனுக்கே தன் வாயை அறைய வேண்டும்போல் இருக்கும். வலது கை தூக்காததால் அதுவும் நடக்காது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குப் புகைபோக்கிக் குழாய்க்குள் ஒரு லாரி வந்தது. அப்படித்தான் அவனுக்குக் கேட்டது. பாரம் ஏற்றிய லாரி மேடு ஏறுகிற உறுமல். நிமிர்ந்து பார்த்தான். குழாயின் கருப்பு, மூட்டு மூட்டாகச் சிவந்துகொண்டு வந்தது. மூன்று வாரமாகத் துடைக்காத கரிக்குப் பக்கத்தில் மூன்று நாள் தேவதாருவின் தீக்கொழுந்து எழும்பி எழும்பிப் போயிருக்கிறது. குழாய்க்குள் இருந்த அழுக்கே தீப்பிடித்துவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். கீழே காற்றுக் கதவைச் சாத்து. பிறகு தலைக்கு மேலே இருக்கும் இரும்புப் பிடியை மேல்நோக்கித் தள்ளிக் குழாயின் வாயை மூடு. கீழ்க் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினான். பிடிக்கு இடது கையைக் கொடுத்தான். அது இரண்டு கை வேலை. கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. வலது கைக்குக் கட்டளை போட்டான். அது நெஞ்சுவரை வந்து, அதற்கு மேல் தனக்கு அதிகாரம் இல்லை என்று நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். கண்ணில் பூச்சி பறந்தது. மேலே லாரி அடுத்த கியருக்குப் போனது. சுவருக்கு அந்தப்பக்கம், இதே குழாயில் முதுகு ஒட்டுகிற தூரத்தில்தான் அவன் மனைவி நின்று இஸ்திரி போடுகிறாள்.

“வெளிய போங்க! எல்லாரும் வெளிய போங்க!” என்று கத்தினான். வெட்கம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. “யாராவது வாங்களேன்! என்னால முடியல!”

எல்லாரும் வெளியே ஓடினார்கள். ஒருத்தி மட்டும் உள்ளே ஓடிவந்தாள். கிரேன். வந்த வேகத்தில் அவனை ஒரு மூட்டையைப்போல ஓரமாக நகர்த்திவிட்டு, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, இரும்புப் பிடியை ஒரே தள்ளு. ‘டங்’கென்று மூடிக்கொண்டது. இரண்டு பேரும் நின்று குழாயைப் பார்த்தார்கள். உறுமல் முனகலானது. சிவப்பு மெல்ல மெல்லக் கருத்தது. அதற்குக் கால் மணி நேரம் ஆனது.

பிறகு அவள் அவன் வலது கையைப் பார்த்தாள். அது நெஞ்சோடு ஒட்டி, சிறகொடிந்த காக்காய் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

“எத்தனை நாளாண்ணே?”

“இருபத்தாறு.”

“ம்” என்றாள். “கழுவுங்க முகத்தை. புருவம் ஒரு பக்கம் கருகியிருக்கு.”

அன்று டீ நேரத்தில் எல்லாரும் பலகை முன்னால் கூடினார்கள். முதலாளியம்மா சாக்கட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அது திட்டுவதைவிட மோசம்.

அவன் வலப்பக்கம் எழுத ஆரம்பித்தான். தணல் நிற்காது. கால் மணிக்கொரு தடவை போட வேண்டும். நீராவி ஏறி இறங்கும். பொறி பறந்து துணியைப் பொத்தலாக்கும். பிசின் குழாயில் படியும். ஐந்தாவதை எழுதிவிட்டு நின்றான். தேவதாரு இப்போது எதிர்த்துப் பேசாது. பழி முழுவதையும் அதன் தலையில் கட்டிவிட்டு, ஒரு மாதம் கிளாஸ் கழுவிவிட்டு, பழைய கட்டைக்கே திரும்பலாம். மறுபடியும் வயிற்றால் தள்ளலாம். அடுத்த தடவை அந்தப் பிடிக்குக் கீழே நிற்கும்போது கிரேன் பக்கத்தில் இருப்பாளா என்பது வேறு விஷயம். அவன் பாய்லர் அறைச் சுவரின் சின்ன ஜன்னலைப் பார்த்தான். அதை ஒட்டி மனைவியின் மேசை.

ஐந்தாவதன் கீழே எழுதினான்: ‘குழாயைத் துடைக்காதது மரத்தின் தப்பு இல்லை. என் தப்பு.’ பிறகு இடப்பக்கம் போய், ஏழுக்குக் கீழே எட்டு என்று போட்டான். ‘கட்டை லேசு. இருபத்தாறு நாளாக எனக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை.’

யாரும் சிரிக்கவில்லை. படிக்க எல்லாருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது, கோழி அப்படி.

“இதுக்கா?” என்றாள் மனைவி. குரல் வழக்கமானதாக இல்லை. “ராத்திரி திரும்பிப் படுக்கும்போதெல்லாம் ‘ஸ்ஸ்’னீங்க. கேட்டா கொசுன்னீங்க.”

“கொசுவும் இருந்துச்சு.”

“இருபத்தாறு நாளா ஒரே கொசுவா?”

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சட்டத்துல கெடுதலை மறைச்சாத்தான் தண்டனை. நன்மையை மறைச்சா என்ன பண்றதுன்னு நாங்க யோசிக்கல. அப்படி ஒரு ஆளு வருவான்னு எதிர்பார்க்கல” என்றார். “கிளாஸ் ஒரு மாசம் கழுவு. அது பொறிக்கு. தோளுக்கு என்ன பண்றது, அதைச் சொல்லுங்க எல்லாரும்.”

பாய்லர்காரன் கைதட்டலுக்காகக் காத்திருந்தான். துண்டு என்ன நிறத்தில் கொடுப்பார்கள் என்றுகூட யோசித்தான்.

கிரேன் எழுந்து வந்து அவன் கையிலிருந்து சாக்கட்டியை வாங்கினாள். பழையதை அழித்துவிட்டு இரண்டு பக்கமும் எழுதினாள். இடப்பக்கம்: ‘பாய்லருக்கு நான். மடிக்கிற மேசைக்கு அண்ணன். எனக்குக் குளிராது.’ வலப்பக்கம்: ‘தலையணை உறை எல்லாம் கோணலாக வரும்.’

“உனக்குக் குளிருதா?” என்றான் அவன்.

“ரெண்டு வருஷமா வாசல் கதவுக்கு நேரே உட்கார்ந்திருக்கேன், விரல் விறைச்சுப் போயி. கட்டையத் தூக்கக் கை கொடுக்கட்டுமான்னு கேட்டுக்கிட்டு எத்தனை தடவை உங்க அறை வாசல்ல வந்து நின்னிருக்கேன்? ‘இது ஆம்பளை வேலை, போம்மா’ன்னு கதவைச் சாத்துவீங்க. ஆம்பளை என்னடான்னா வயித்தால தள்ளிக்கிட்டு இருந்திருக்கு.”

இப்போது சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வேறு வழி இல்லை, தவிர அது உண்மையும்கூட. கிளிப் மாட்டினார்கள். எல்லாம் இடது கொடியில். அவனும் மாட்டினான். அந்தக் கொடி அன்றைக்கென்று கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது.

மறுநாள் காலை மடிக்கிற மேசையில் உட்கார்ந்தான். அவன் மடித்த முதல் உறையை மனைவி வாங்கிப் பார்த்தாள். நான்கு மூலை இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது. உதறி, திரும்ப அவன் மடியில் போட்டாள். “மறுபடியும்” என்றாள். வாசல் கதவு வழியாகக் காற்று வந்து அவன் காதைக் கிள்ளியது.

அவன் பதினோராவது உறையை மடித்து வைத்தபோது பாய்லர் அறையிலிருந்து ஒரு கூப்பாடு. “அண்ணே! இந்தச் சனியன் பத்த மாட்டேங்குது! மூணு பெட்டி தீக்குச்சி காலி!”

அவனுக்கு உள்ளே ஏதோ துள்ளியது. நிதானமாகப் போவதாகப் பாவனை செய்துகொண்டு ஓடினான். கிரேன் அடுப்புக்குள் வைரக் கட்டைகளைச் செங்கல் அடுக்குகிற மாதிரி நெருக்கி அடுக்கி வைத்திருந்தாள். காற்று போக இடம் இல்லை. மூலையில் மீந்த தேவதாருத் துண்டுகள் கிடந்தன. அவன் இரண்டை எடுத்து, கைக்கோடரியால் விரல் பருமனுக்குச் சீவினான். பெரிய கட்டைகளை அவள் தூக்கிப் பிடிக்க, அடியில் சிராய்களைக் கூடு கட்டினான். இடது கையால் ஒரே குச்சி. குப்பென்று பிடித்து, படபடத்து, மணத்து, கனத்த கட்டைகளின் விளிம்பைக் கவ்விக்கொண்டது.

“இதுக்குத்தான் இது லாயக்கு” என்றான். “ஆரம்பிச்சு வைக்க மட்டும். தினம் ரெண்டு துண்டு போதும். அதுக்கு மேல போட்டா என்னை மாதிரி புருவம் போயிடும்.” அப்படியே அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினான். சூடு தோளுக்குள் இறங்கியது. இன்னும் நாலு விஷயம் சொல்லிக்கொடுக்கலாம் என்று தொண்டையைச் செருமினான்.

“போதும்ணே” என்றாள் கிரேன். ஒரு கன்றுக்குட்டிக் கட்டையை ஒற்றைக் கையால் எடுத்து உள்ளே வைத்தாள். “நாளைக்குக் காலைல பத்தவைக்க வாங்க. இப்ப எழுந்திருங்க. நீங்க உட்கார்ந்தா சூடு எனக்கு வரல.”

அவன் எழுந்தான். வெளியே வந்து கதவைத் தானே சாத்தினான். எத்தனையோ தடவை உள்ளிருந்து சாத்தியிருக்கிறான். வெளியிலிருந்து சாத்தினால் கொஞ்சம் இடிக்கிறது, தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது. மேசைக்குத் திரும்பி வந்தபோது மனைவி உதறி மறுபடியும் அவன் மடியில் போடுவதற்கென்றே அவனுடைய உறைகள் பதினொன்று காத்திருந்தன.